நோகாத போதே காக்கும் மருந்து



இதயத்தையும் சிறுநீரகங்களையும் பழுதுறாமல் காப்பதற்கு மருந்தியல் அறிஞர்கள் செய்துவந்துள்ள ஆராய்ச்சிகளைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். நான் வைத்தியன் அல்லன். கலைப் பட்டம் பெற்று, திம்புள்ள பிரதேசத்திலே அரசாங்கப் பாடசாலை ஒன்றின் அதிபராகக் கடமையாற்றும் ஆசிரியன். வைத்தியன் அல்லாத ஒருவன் இப்பொருளை ஏன் எடுத்துக்கொண்டான் என்று நேயர்கள் வினவலாம். இந்த ஆராய்ச்சிகளின் பயன் எங்கள் தோட்டங்களின் வாசல் வரையில் வந்துவிட்டது. லயத்துக்குள்ளே நுழையத்தான் தயங்கி நிற்கிறது. அந்தத் தயக்கத்துக்குக் காரணம் விஞ்ஞானத்தின் குறைவு அன்று. மருந்தைப் பற்றி நாம் கொண்டுள்ள எண்ணம் ஒரு காரணம். கிளினிக்குக்குப் போகும் நாளிலே இழக்கும் சம்பளம் மற்றொரு காரணம். இவ்விரண்டையும் பற்றிப் பேச ஆசிரியனுக்கும் உரிமையுண்டு என்று கருதுகிறேன்.

மருந்து என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்திலே தோன்றுவது யாது? நோவைத் தீர்க்கும் பொருள் என்பதே. தலை இடித்தால் குளிசை போடுகிறோம். இடி நின்றதும் எஞ்சிய குளிசைகளை மாடத்திலே வைத்துவிடுகிறோம். தலைமுறை தலைமுறையாகப் பழகிவந்த முறை இது. ஆயின், இன்று நம்மிடையே மிகுந்து காணப்படும் உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் இந்த முறைக்குள் அடங்குவன அல்ல. அவை ஓசையின்றி வருவன. பல ஆண்டுகள் ஒரு நோவுமின்றி உடலில் தங்குவன. பாடசாலைக்கு வரும் பெற்றோரும் பாட்டன் பாட்டிமாரும் என்னிடம் கூறும் வார்த்தை ஏறக்குறைய ஒன்றே: "பிரஷர் குளிசை ஒரு மாதம் போட்டேன் சேர். இப்ப ஒரு வருத்தமும் இல்லை. அதுதான் நிறுத்திட்டேன்." வருத்தம் இல்லாதபோது குளிசை எதற்கு என்ற இக்கேள்வி நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறவே இரு நூற்றாண்டு ஆராய்ச்சி வேண்டியிருந்தது.

முதலில் இவ்வுறுப்புகளின் உறவைச் சிறிது பார்ப்போம். இதயம் நமது கைமுட்டி அளவினது. ஒரு நாளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் தடவை துடித்து இரத்தத்தை உடலெங்கும் செலுத்துகிறது. அவ்வாறு செலுத்தப்படும் இரத்தத்திலே ஐந்திலொரு பங்கு சிறுநீரகங்கள் இரண்டுக்கும் செல்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. அவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் நீரை வடித்து, வேண்டியதை மீண்டும் இரத்தத்துக்கே திருப்பிவிட்டு, ஒன்றரை லீற்றர் அளவையே சிறுநீராக வெளியேற்றுகின்றன. ஒவ்வொரு வடிகட்டியும் மயிரிழையினும் மெல்லிய இரத்தக் குழாய்களாலான ஒரு முடிச்சு. அதற்கு இரத்தம் வரும் வாயில் ஒன்று. இரத்தம் வெளிச்செல்லும் வாயில் ஒன்று. இவ்விரு வாயில்களையும் நேயர்கள் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னர் நான் கூறப்போகும் மருந்துகள் பெரும்பாலும் இவ்வாயில்களிலேதான் தம் வேலையைச் செய்கின்றன.

இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள தொடர்பை முதன்முதலிற் கண்டுகொண்டவர்களுள் ஒருவர், லண்டன் மாநகரிலே கைஸ் வைத்தியசாலையிற் பணிபுரிந்த றிச்சர்ட் பிரைட் என்னும் வைத்தியர். சிறுநீரகம் கெட்டு இறந்தோரின் இதயம் பருத்திருப்பதை 1836ஆம் ஆண்டில் அவர் எடுத்துக் காட்டினார். 1898ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டிலே பணிபுரிந்த அறிஞர் டைகர்ஸ்டெட்டும் அவர்தம் மாணவர் பேர்க்மனும் முயலின் சிறுநீரகத்திலிருந்து ஒரு சாற்றை எடுத்து, அது இரத்த அழுத்தத்தை உயர்த்துவதைக் கண்டு, அதற்கு ரெனின் என்று பெயரிட்டனர். 1934ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கோல்ட்பிளாட், நாயின் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தக் குழாயை இறுக்கினால் உடல் முழுவதிலும் அழுத்தம் ஏறுகிறது என்பதை நிறுவினார்.

இவற்றால் விளங்கிய உண்மை யாது? சிறுநீரகம் தனக்கு இரத்தம் குறைகிறது என்று உணர்ந்தால் ரெனினை விடுக்கிறது. அதிலிருந்து, படிப்படியாக, அஞ்சியோடென்சின் என்னும் பொருள் உருவாகி இரத்தக் குழாய்களை இறுக்குகிறது. அழுத்தம் ஏறுகிறது. ஏறிய அழுத்தத்தை எதிர்த்து உழைக்கும் இதயம் பருக்கிறது. அதே அழுத்தம் சிறுநீரகத்தின் வடிகட்டிகளையும் தாக்கி நைக்கிறது. நைந்த சிறுநீரகம் மேலும் ரெனினை விடுக்கிறது. ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும் இச்சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தல் வேண்டும். அறுப்பதற்கான கருவியோ, எவரும் எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது.

நமது நாட்டிலே கண்ணாடி விரியன் தீண்டியவரின் சிறுநீரகங்கள் செயலிழப்பதுண்டு என்பதைப் பலர் அறிவர். பிரேசில் நாட்டிலே ஜராராக்கா என்றொரு விரியன் உண்டு. அது கடித்தால் இரத்த அழுத்தம் வேகமாக வீழ்ந்துவிடும். இந்த விஷத்தை ஆராய்ந்த சேர்ஜியோ ஃபெரேய்ரா என்னும் இளம் விஞ்ஞானி, அதிலுள்ள ஒரு பொருளைப் பற்றி 1965ஆம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அவர் அந்தச் சாற்றை இங்கிலாந்தில் ஜோன் வேன் என்னும் மருந்தியல் அறிஞரின் ஆய்வுகூடத்துக்கு எடுத்துச் சென்றார். அஞ்சியோடென்சின் உருவாவதையே அச்சாறு தடுக்கிறது என்பது அங்கே தெரியவந்தது. ஆனால் விஷத்திலிருந்து எடுத்த பொருளை வாயால் உட்கொண்டு பயன் பெற இயலாது. அது செய்யும் வேலையைச் செய்யும் ஒரு சிறு மூலக்கூற்றை, அமெரிக்காவிலே ஸ்குவிப் நிறுவனத்து விஞ்ஞானிகளான குஷ்மனும் ஒண்டெட்டியும் 1975ஆம் ஆண்டில் உருவாக்கினர். அதுவே கப்டோபிரில். 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. இன்று நமது கிளினிக்குகளில் வழங்கப்படும் எனலபிரில் அக்குடும்பத்தைச் சேர்ந்தது. லொசார்டன் அதே சுழலை அடுத்த படியில் அறுப்பது.

இம்மருந்துகள் அழுத்தத்தைக் குறைத்தன என்பது வியப்பன்று. அதற்கு மேலும் அவை செய்தன என்பதே ஆராய்ச்சியின் பெரும் பேறு. 1987ஆம் ஆண்டில் நோர்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளிலே, இதயம் மிகத் தளர்ந்த 253 பேரை வைத்துச் செய்த சோதனையில், வெறுங்குளிசை பெற்றோருள் ஆறு மாதத்தில் நூற்றுக்கு 44 பேர் இறந்தனர். எனலபிரில் பெற்றோருள் இறந்தவர் நூற்றுக்கு 26 பேரே. 1993ஆம் ஆண்டில், நீரிழிவால் சிறுநீரகம் பழுதுபட்ட 409 பேரிடம் கப்டோபிரிலைச் சோதித்தனர். இறப்பு, இரத்தச் சுத்திகரிப்பு, மாற்றுச் சிறுநீரகம் ஆகிய மூன்றில் ஒன்றுக்கு ஆளாகும் அபாயம் பாதியாகக் குறைந்தது. எவ்வாறு? அஞ்சியோடென்சின் வடிகட்டியின் வெளிச்செல்லும் வாயிலை இறுக்குவது. மருந்து அவ்வாயிலைத் தளர்த்துகிறது. உள்ளே தேங்கி நின்ற அழுத்தம் இறங்குகிறது; வடிகட்டி நையாமல் நிலைக்கிறது.

அண்மைக் காலத்தில் இரண்டாவது காவல் ஒன்றும் கிடைத்துள்ளது. அதன் கதை 1835ஆம் ஆண்டில், அப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலே தொடங்குகிறது. அப்பட்டையிலிருந்து புளோரிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதை உட்கொண்டால் சிறுநீரில் சீனி வெளியேறுகிறது என்பதை 1886ஆம் ஆண்டில் ஜேர்மன் அறிஞர் ஃபொன் மேரிங் கண்டார். நூறாண்டுக்கு மேல் ஏட்டிலே கிடந்த அந்த அறிவிலிருந்து நீரிழிவுக்கான புதிய மருந்துகள் பிறந்தன. சீனியைக் குறைக்க வந்த அம்மருந்துகள் இதயத்தையும் காக்கின்றன என்று 2015ஆம் ஆண்டில் வெளியான எம்பாகிளிபுளோசின் ஆய்வு காட்டிற்று. 2020ஆம் ஆண்டில், சிறுநீரகம் பழுதுற்ற 4,304 பேரிடம் டபாகிளிபுளோசினைச் சோதித்தபோது, சிறுநீரகம் மேலும் கெடுவதும் அதனாலும் இதய நோயாலும் இறப்பதும் நூற்றுக்கு 39 பங்கு குறைந்தன. நீரிழிவு இல்லாதோருக்கும் அப்பயன் கிடைத்தது. நீரிழிவிலே வடிகட்டிக்கு இரத்தம் வரும் வாயில் அளவுக்கு மீறி விரிந்து கிடக்கும். இம்மருந்து அதை அளவுக்குக் கொண்டுவருகிறது. ஒரு மருந்து வெளிவாயிலைத் தளர்த்த, மற்றொன்று உள்வாயிலை ஒழுங்கு செய்கிறது.

நேயர்களே, இம்மருந்துகளுள் ஒன்றேனும் நோவைத் தீர்ப்பது அன்று. எனலபிரில் விழுங்கிய அன்று மாலை எவருக்கும் உடல் இலேசாகத் தோன்றுவதில்லை. அது செய்யும் உபகாரம் ஐந்தாண்டு, பத்தாண்டு கழித்து வருவது. அப்போதும், நேர்ந்திருக்க வேண்டிய தீங்கு நேராமற் போவதாகவே வருவது. நேராத தீங்கை எவர் கண்ணாற் காண்பார்? பழுதின் பெரும்பகுதி நிகழ்ந்து முடியும் வரை சிறுநீரகம் வெளியே குறி காட்டுவதில்லை. கால் வீங்கி, மூச்சு வாங்கி, சோறு வெறுத்து வைத்தியசாலைக்குச் செல்லும்போது, காக்க வேண்டிய வடிகட்டிகளுட் பல மீளா நிலையை அடைந்திருக்கும். ஆகவே வருத்தம் இல்லையே, குளிசை எதற்கு என்ற கேள்விக்கு விடை இதுதான்: வருத்தம் இல்லாத காலமே அக்குளிசையின் காலம். நம் முன்னோர் வருமுன் காப்போன் என்று பெயரிட்டுப் போற்றிய குணம் இன்று ஒரு சிறு குளிசையின் வடிவில் நம் கைக்கு வந்திருக்கிறது.

இவ்விடத்திலே தோட்டத்து வாழ்வோடு நெருங்கிய மற்றொன்றையும் கூறியாக வேண்டும். செங்குத்தான மலைகளில் மழையிலும் பனியிலும் நின்று கொழுந்து பறிக்கும் தாய்மாருக்கு முதுகிலும் முழங்காலிலும் நோவு இல்லாத நாள் அரிது. அந்நோவுக்குக் கடையிலோ பாமசியிலோ டைக்குளோபெனக், இபுபுரோபன் போன்ற குளிசைகளை வாங்கி விழுங்கிவிட்டு மறுநாள் பிரட்டுக்குப் போகிறவர் பலர். முன்னே குறிப்பிட்ட ஜோன் வேன்தான், அஸ்பிரினும் அதனையொத்த நோவுக் குளிசைகளும் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை 1971ஆம் ஆண்டில் விளக்கினார். அவை உடலில் புரொஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உண்டாவதைத் தடுக்கின்றன. அதற்காக 1982ஆம் ஆண்டில் அவர் நோபெல் பரிசையும் பகிர்ந்து பெற்றார். அதே பொருள், நமது வடிகட்டிகளுக்கு இரத்தம் வரும் வாயிலைத் திறந்து வைத்திருப்பதும் ஆகும். நோவுக் குளிசை அதைத் தடுத்தால் வாயில் சுருங்கும். உடலில் நீர் வற்றியிருக்கும் வேளையிலோ, அழுத்த மருந்தோடும் சிறுநீர் பெருக்கும் மருந்தோடும் சேர்ந்தோ அது நிகழுமாயின், உள்வாயில் சுருங்க, வெளிவாயில் தளர, வடிகட்டி வெறுமையுற்றுச் சிறுநீரகம் சில நாள்களுள் பழுதடையக்கூடும். ஆகவே பிரஷருக்கோ சீனிக்கோ மருந்தெடுப்போர், நோவுக் குளிசையைத் தாமாக வாங்காமல், வைத்தியரைக் கேட்டே எடுத்தல் வேண்டும். வாந்தியோ வயிற்றோட்டமோ கண்ட நாளில், வழக்கமான குளிசைகளைத் தொடர்வதா, சில நாள் நிறுத்துவதா என்பதையும் உடனே விசாரித்து அறிதல் வேண்டும். அதிக அளவில் அஸ்பிரினோ பிற நோவுக் குளிசைகளோ இல்லாமலே ஆறக்கூடிய நோவும் உண்டு என்பதை வைத்தியர்கள் எடுத்துச் சொல்வர்.

இனி, நமது நாட்டின் பங்கைப் பார்ப்போம். மருந்து கண்டுபிடிக்கப்படுவது ஒன்று. ஏழையின் கைக்கு அது வருவது வேறொன்று. மருந்தியற் பேராசிரியராக விளங்கிய சேனக பிபிலே இதை நன்குணர்ந்தவர். நிறுவனங்கள் இட்ட பெயர்களால் அன்றி மருந்தின் பொதுப் பெயராலே அது வாங்கப்பட வேண்டும், அவசியமான மருந்துகள் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பன அவர் கொள்கை. 1971ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராகப் பணியாற்றி அக்கொள்கையை நடைமுறையிற் காட்டினார். 1977ஆம் ஆண்டில் கயானா நாட்டிலே அவர் காலமானார். இன்று அரசாங்கக் கிளினிக்கிலே ஒருவர் எனலபிரிலையோ லொசார்டனையோ இலவசமாகப் பெறும்போது, பொதுப் பெயரால் மருந்து வாங்கும் அந்தக் கொள்கையின் பயனையும் சேர்த்தே பெறுகிறார்.

அண்மையில் நம் நாட்டிலேயே செய்யப்பட்ட இரண்டு ஆய்வுகள் உலகத்தின் கவனத்தைப் பெற்றன. ஒன்று 2018ஆம் ஆண்டில் வெளியானது. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தாரும் அவுஸ்திரேலிய அறிஞர்களும் சேர்ந்து, இலங்கையின் 11 வைத்தியசாலைக் கிளினிக்குகளில், 700 பேரிடம் அதனை நடத்தினர். அழுத்தத்தைக் குறைக்கும் மூன்று மருந்துகளை, வழக்கமான அளவில் ஒவ்வொன்றும் பாதியாக, ஒரே குளிசையில் அடக்கிக் கொடுத்தனர். ஆறு மாதத்தில் அக்குளிசை பெற்றோருள் நூற்றுக்கு 70 பேர் வேண்டிய அளவுக்கு அழுத்தம் குறையப் பெற்றனர். வழக்கமான சிகிச்சை பெற்றோருள் அவ்வாறு பெற்றவர் 55 பேர். மூன்று குளிசைக்குப் பதில் ஒன்று என்னும் எளிமை ஏழைக்கும் முதியோருக்கும் எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மற்றைய ஆய்வு 2020ஆம் ஆண்டில் வெளியானது. இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமப்புறச் சமூகங்களில், உயர் இரத்த அழுத்தம் உடைய 2,645 பேரிடம் அது நடைபெற்றது. அங்கே புதிய மருந்து எதையும் சோதிக்கவில்லை. பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று அழுத்தத்தை அளந்து, உணவு முறையைப் பற்றிப் பேசி, வேண்டியோரை வைத்தியரிடம் அனுப்பினர். இரண்டு ஆண்டுகளில், அவ்வாறு சென்ற ஊர்களில் அழுத்தம் ஏனைய ஊர்களைவிட 5 அலகு மேலதிகமாகக் குறைந்தது. வாசற்படிக்கு வந்து நலம் விசாரித்த ஒருவரின் சொல்லுக்கும் மருந்தின் பலம் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இந்த ஆய்வை வாசித்தபோது எங்கள் லயங்களே என் கண்முன் நின்றன. தலவாக்கலையிலோ அற்றனிலோ நுவரெலியாவிலோ கிளினிக் நடக்கும் நாளில், தொழிலாளி ஒருவர் விடியலில் புறப்பட்டு, மலையிறங்கி, பஸ் ஏறி, வரிசையில் நின்று, குளிசை பெற்று வீடு திரும்பப் பகற்பொழுது கழிந்துவிடும். அன்று அவருக்குப் பேர் இல்லை. பேர் இல்லையெனில் அன்றைய சம்பளம் இல்லை. குளிசை இலவசம், அதைப் பெறும் நாள் இலவசம் அன்று. ஒரு நாட் சம்பளத்தையும், கண்ணுக்குத் தெரியாத பத்தாண்டுப் பயனையும் தராசில் வைத்துப் பார்க்கும் தாய், சம்பளத்தையே தெரிந்தெடுப்பாளாயின், அவளை அறியாதவள் என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. 2022ஆம் ஆண்டில் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்து மருந்துகள் தட்டுப்பட்டபோது, கிளினிக்கிலே கிடைக்காத குளிசையைக் காசு கொடுத்து வாங்க இயலாமல் விட்டவர் பலர். காவல் மருந்து இடையறாது எடுக்க வேண்டியது. இடையறாது கிடைக்கச் செய்யும் பொறுப்பு நோயாளியின் தலையில் மாத்திரம் இருத்தல் நியாயமாகாது.

ஆகவே சில வேண்டுகோள்கள். தோட்ட நிர்வாகத்தினரே, மாதத்தில் ஒரு நாள் கிளினிக்குக்குச் செல்வோருக்குப் பேர் போடுவதைச் செலவென்று எண்ணற்க. ஓர் அனுபவமுள்ள தொழிலாளியின் சிறுநீரகம் கெட்டால் தோட்டமும் இழக்கிறது. சுகாதாரத் துறையினரே, அழுத்தம் அளப்பதையும் சீனி பார்ப்பதையும் குளிசை வழங்குவதையும் தோட்ட மருந்தகத்துக்கும் பிள்ளை மடுவத்துக்கும் கொண்டுவர வழி தேடுங்கள். வீடு தேடிச் செல்லும் முறை பயன் தரும் என்று நம் நாட்டு ஆய்வே கூறிவிட்டது. நாற்பது வயது கடந்த பெரியோரே, நோவு இல்லாவிடினும் அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். நீரிழிவோ அழுத்தமோ உள்ளவர்கள், சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா என்றும், இரத்தத்தில் கிரியேற்றினின் எவ்வளவு என்றும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பார்க்கும்படி வைத்தியரைக் கேளுங்கள். நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்கு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு, உட்பட்டிருத்தல் நன்று என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ரொட்டியோடு கட்டச்சம்பலும் கருவாடும் உண்ணும் நமக்கு அவ்வளவு எளிதிலே மிஞ்சிவிடும். புகைப்பதை விடுதல் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் ஒருங்கே செய்யும் உபகாரம்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். இங்கே நான் பெயர் கூறிய மருந்துகளை எவரும் தாமாக வாங்கி உட்கொள்ளலாகாது. எனலபிரிலும் லொசார்டனும் கருவுற்ற தாய்மாருக்கு ஆகாதவை. சிலருக்கு எனலபிரிலால் வறட்டு இருமல் வரும். சிலருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். அத்தகையோருக்கு மருந்தை மாற்றிக் கொடுக்க வைத்தியர் அறிவார். இருமல் வந்ததென்று குளிசையைக் குப்பையில் இடாமல், அதை அவரிடம் சொல்வதே முறை. வட மத்திய மாகாணத்திலே 1990ஆம் ஆண்டுகள் முதல் உழவர்களைத் தாக்கிவரும் சிறுநீரக நோய், அழுத்தமோ நீரிழிவோ இல்லாதோருக்கும் வருகிறது. வெப்பம், குடிநீர், விவசாய இரசாயனம் எனப் பல காரணங்களை ஆராய்ந்தும் அறிஞர்கள் ஒரு முடிபுக்கு வந்திலர். குளிசை ஒன்றே எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதற்கு அதுவே சான்று.

இறுதியாக, மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பெரியோருள் பலருக்குக் குளிசைப் பையின் மேல் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். இன்றிரவு அவர்களுடைய கிளினிக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். அடுத்த திகதி எது என்று வாசித்துச் சொல்லுங்கள். குளிசை எத்தனை மிஞ்சியுள்ளது என்று எண்ணுங்கள். மிகுதியாக மிஞ்சியிருந்தால் ஏசாமல், ஏன் என்று கேளுங்கள். பாட்டி கூறும் காரணத்தைக் கேட்டுவந்து, அடுத்த முறை கிளினிக்கிலே வைத்தியரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். உலகத்து ஆய்வுகூடங்களில் இருநூறு ஆண்டுகளாகத் தேடிய அறிவு உங்கள் லயத்து அறைக்குள் வந்து சேர எஞ்சியுள்ள கடைசிப் பத்தடி தூரத்தைக் கடப்பிக்க உங்களாலும் இயலும்.